ரிப்போர்ட்டை யார் பார்க்கலாம்? வெப் ரிப்போர்ட் அனுமதிகளை ஸ்கிரிப்ட் எழுதிக் கட்டுப்படுத்தும் முழு வழிகாட்டி

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் ஓடும் டிரெய்லர்களை நம்பித் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் பல இயங்குகின்றன. அவற்றில் பலவற்றில் பழைய பதிவேட்டின் இடத்தை வெப் ரிப்போர்ட் பிடித்துக்கொண்டது. எந்தப் பெட்டி உள்ளே இருக்கிறது, எது வெளியே போனது, டிரைவருக்கு எவ்வளவு பேட்டா, எந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு பாக்கி என்று எல்லாமே ஒரே சர்வரில், ஒரே முகவரியில் கிடைக்கும். சிக்கலும் அங்கேதான். கேட்டில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்குப் பெட்டி எண் தெரிந்தால் போதும். ஒரு பெட்டிக்கு நாம் வாங்கும் கட்டணம் தெரியத் தேவையில்லை. அந்தக் கட்டணம் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் யார்டுக்குத் தெரிந்தால், அடுத்த மாதம் வாடிக்கையாளர் அங்கே இருப்பார்.

இந்த வழிகாட்டி மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வைத்திருப்பவர்களுக்கானது. 2004-இல் வந்த இந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2022. எஸ்கியூஎல் சர்வர் 2025-லிருந்து அதன் இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வருகிறது. கோப்புறை, ரோல் (ஒருவர் என்னென்ன செய்யலாம் என்ற உரிமைகளின் தொகுப்பு), அனுமதி ஆகியவற்றின் அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், கீழே சொல்வது புதியதிலும் செல்லும். உதாரணமாக மணலி, திருவொற்றியூர், மாதவரம் என மூன்று இடங்களில் யார்டு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கு என்ன அனுமதி என்பது ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படித்துச் சர்வரை அதன்படி மாற்ற வேண்டும். வெப் போர்ட்டலில் சென்று ஒவ்வொரு கோப்புறையாகக் கிளிக் செய்து அனுமதி கொடுப்பவர்களிடம் ஆறு மாதம் கழித்து "இவருக்கு ஏன் இது திறக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது.

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

போர்ட்டலில் ஒரு ரிப்போர்ட்டின் பண்புகளில் "மறை" என்று ஒரு வசதி உண்டு. பலர் இதையே பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். அது பட்டியலில் தெரியாமல் செய்யும், அவ்வளவுதான். அனுமதி இருப்பவர் நேரடி முகவரியைத் தட்டினால் ரிப்போர்ட் திறக்கும். கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தே வைப்பதற்கு இது சமம். முகவரியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பதும் இதே கதை. வாட்ஸ்அப்பில் ஒருமுறை போன இணைப்பு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையான தடை ரோல் மூலம் மட்டுமே வரும். அதைச் சர்வர் ஒவ்வொரு வேண்டுகோளிலும் சரிபார்க்கிறது.

படி 1: இப்போது யார் எதைப் பார்க்கிறார்கள்

அனுமதியில் கை வைப்பதற்கு முன் உண்மை நிலவரம் வேண்டும். ரிப்போர்ட் சர்வரின் தரவுத்தளத்தில் எக்ஸிகியூஷன்லாக்3 என்று ஒரு வியூ (அட்டவணை போலப் படிக்கக்கூடியது) இருக்கிறது. எந்தப் பயனர், எந்த ரிப்போர்ட்டை, எப்போது, எந்த அளவுருக்களோடு (ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கும் உள்ளீடுகள்), எந்த வடிவில் திறந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். இயல்பாக 60 நாள் பதிவுகளே நிற்கும். பயனர் பெயரையும் ரிப்போர்ட் பாதையையும் வைத்துத் தொகுத்து ஒரு பட்டியல் எடுங்கள். வடிவம் என்ற நெடுவரிசையையும் விட்டுவிடாதீர்கள்; வாடிக்கையாளர் பாக்கியை எக்செல் கோப்பாக இறக்கியவர்கள் யார் என்று அதில் தெரியும்.

இந்தப் பட்டியலோடு ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரிடமும் சென்று, "இவர்களுக்கு இது வேலைக்குத் தேவையா?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணினிப் பிரிவு தானாக முடிவு செய்தால் முதல் சண்டை கணக்குப் பிரிவோடு வரும்.

டிரைவர்களின் உரிம எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு இருக்கும் ரிப்போர்ட்டுகளுக்குத் தனிக் குறியிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைக் காக்கும் பொறுப்பை அவற்றைக் கையாளும் நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது.

படி 2: கோப்புறைகளும் குழுக்களும்

ரிப்போர்ட்டுகளைத் தலைப்பு வாரியாக அல்லாமல், பார்ப்பவர் வாரியாகக் கோப்புறைகளில் அடுக்குங்கள். நம் உதாரணத்துக்குக் கேட், யார்டு, கணக்கு, நிர்வாகம் என நான்கு போதும். ஒரே கோப்புறைக்குள் ஒரு ரிப்போர்ட் மட்டும் வேறு அனுமதியோடு இருக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் அந்த ரிப்போர்ட்டை வேறு கோப்புறைக்கு நகர்த்துவதே நல்லது.

பிறகு ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் விண்டோஸ் பயனர் கணக்குகளையும் குழுக்களையும் வைத்திருக்கும் இடம்) கோப்புறைக்கு ஒரு குழு. தனிநபர் பெயருக்கு ரிப்போர்ட் சர்வரில் அனுமதி கொடுக்கவே வேண்டாம். ஆள் மாறினால் குழுவில் மாற்றினால் போதும்; ரிப்போர்ட் சர்வரைத் தொட வேண்டியதில்லை. குழுவில் சேர்த்ததும் "இன்னும் திறக்கவில்லையே" என்று போன் வரும். விண்டோஸிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள். புதிய குழு உறுப்புரிமை அப்போதுதான் செல்லுபடியாகும்.

கேட்டில் இருக்கும் கணினி ஒரு தனிச் சிக்கல். மூன்று ஷிப்டுக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு. நைட் ஷிப்டில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சர்வருக்குத் தெரியாது. ஆளுக்கொரு கணக்கு என்பதே சரி. நடைமுறையில் அது முடியாத இடங்களில், கேட் கணக்கை மிகக் குறுகிய குழுவில் மட்டும் வையுங்கள். அந்தத் திரையில் தெரிவது ஊருக்கே தெரியும் என்று வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வடிவமையுங்கள்.

ரோல்களில் பிரவுசர், ரிப்போர்ட் பில்டர், பப்ளிஷர், கன்டென்ட் மேனேஜர், மை ரிப்போர்ட்ஸ் என ஐந்து தயாராகவே வருகின்றன. பார்வையாளர்களுக்குப் பிரவுசர் ரோலே போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதில் சொந்தச் சந்தாக்களை (ரிப்போர்ட்டைக் குறித்த நேரத்தில் தானாக அனுப்பும் ஏற்பாடு) உருவாக்கும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வேண்டாமென்றால் எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ரிப்போர்ட் சர்வரோடு இணைந்து, கோப்புறையையும் ரிப்போர்ட்டையும் பார்க்கும் உரிமை மட்டும் கொண்ட புதிய ரோல் ஒன்றை உருவாக்குங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

இன்னொன்று: இந்தச் சர்வரில் "மறுப்பு" என்ற அனுமதியே கிடையாது. ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் இரண்டின் உரிமைகளும் கூடிக்கொண்டேதான் போகும். "எல்லாருக்கும் கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் தடுப்போம்" என்ற திட்டம் இங்கே எடுபடாது.

படி 3: அனுமதிக் கோப்பு

ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய உரைக் கோப்பு. மூன்றே நெடுவரிசைகள்: கோப்புறைப் பாதை, குழுவின் பெயர், ரோல். டொமைன் பெயரோடு குழுவின் முழுப் பெயரை எழுதுங்கள். நிர்வாகிகள் குழுவுக்குக் கன்டென்ட் மேனேஜர் ரோல் தரும் வரி ஒவ்வொரு கோப்புறைக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். இந்தக் கோப்பை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்தால், எந்த வரியை யார், என்று, ஏன் சேர்த்தார் என்ற வரலாறு தானாகச் சேரும். ஆண்டுத் தணிக்கைக்கு வருபவரிடம் காட்ட இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

படி 4: ஸ்கிரிப்ட்

ஸ்கிரிப்ட்டை எழுதி ஓட்ட விண்டோஸ் பவர்ஷெல் 5.1-ஐப் பயன்படுத்துங்கள். பவர்ஷெல் 7-இல் பழைய வெப் சர்வீஸ் ப்ராக்ஸி (ஸ்கிரிப்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவே நின்று பேசும் பொருள்) கட்டளை நீக்கப்பட்டுவிட்டதால், நமக்கு வேண்டியது அங்கே ஓடாது. பவர்ஷெல் கேலரியிலிருந்து ரிப்போர்ட்டிங்சர்வீசஸ்டூல்ஸ் என்ற மாட்யூலை (கட்டளைத் தொகுப்பு) இன்ஸ்டால்-மாட்யூல் கட்டளையால் நிறுவுங்கள்.

இணைக்கும்போது முகவரியில் கவனம். முடிவில் ரிப்போர்ட்ஸ் என்று வருவது மனிதர்கள் பார்க்கும் போர்ட்டல். ஸ்கிரிப்ட் பேச வேண்டியது ரிப்போர்ட்சர்வர் என்று முடியும் முகவரியோடு.

எதையும் மாற்றுவதற்கு முன் கெட்-ஆர்எஸ்கேட்டலாக்ஐட்டம்ரோல் கட்டளையை மேல்நிலைக் கோப்புறையிலிருந்து (மற்ற எல்லாக் கோப்புறைகளும் இதற்குள்தான்), உட்கோப்புறைகளும் சேரும்படி ரிகர்ஸ் என்ற சுவிட்சோடு ஓட்டி, வெளியீட்டைத் தேதியிட்ட சிஎஸ்வியாகச் சேமியுங்கள். இதுவே உங்கள் மீட்புப் பிரதி.

இனி முக்கியமான இடம். ரிப்போர்ட் சர்வரில் ஒவ்வொரு கோப்புறையும் தன் மேல்கோப்புறையின் அனுமதியை அப்படியே பெறும். தனி அனுமதி கொடுத்த கணத்தில் அந்தத் தொடர்பு அறும். போர்ட்டலின் முகப்பில் நுழைந்து கோப்புறைகளைக் காண வேண்டுமென்றால் ஊழியர்களுக்கு மேல்நிலைக் கோப்புறையில் பார்வை உரிமை வேண்டும். அதைக் கொடுத்த உடனே, தொடர்பு அறாத எல்லாக் கோப்புறைகளும், நிர்வாகம் உட்பட, எல்லாருக்கும் திறந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் உட்கோப்புறைகள் அனைத்துக்கும் தனி அனுமதி, கடைசியில்தான் மேல்நிலைக் கோப்புறை. மாற்றிச் செய்தால் ஸ்கிரிப்ட் ஓடும் அந்தச் சில நொடிகளுக்குக் கட்டணப் பட்டியல் ஊழியர் எல்லாருக்கும் திறந்திருக்கும்.

மாட்யூலில் கிராண்ட்-ஆர்எஸ்கேட்டலாக்ஐட்டம்ரோல் என்ற சுலபமான கட்டளை இருக்கிறது. குழு, ரோல், பாதை மூன்றையும் கொடுத்தால் போதும். ஆனால் அது இருக்கும் அனுமதிகளை எடுத்து, அவற்றோடு உங்கள் வரியைச் சேர்த்து, திரும்ப எழுதுகிறது. கணக்குக் கோப்புறை இதுவரை மேலிருந்து அனுமதி பெற்றுக்கொண்டிருந்தால், "அனைத்து ஊழியர்" என்ற வரியும் கூடவே நகலாகித் தங்கிவிடும். கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். கேட் கிளார்க்குக்கும் அது திறந்தே இருக்கும். ரிவோக்-ஆர்எஸ்கேட்டலாக்ஐட்டம்ஆக்சஸ் கொண்டு அந்த வரியைத் தனியே நீக்கலாம். ஒன்றிரண்டு கோப்புறைக்கு இது சரி.

நிலையான வழி வேறு. நியூ-ஆர்எஸ்வெப்சர்வீஸ்ப்ராக்ஸி கட்டளையால் ஒரு ப்ராக்ஸியைப் பெற்று, அதன் செட்பாலிசீஸ் முறையை நேரடியாக அழையுங்கள். அது சேர்க்காது, முழுப் பட்டியலையே மாற்றி எழுதும். கோப்பில் இருப்பது மட்டுமே சர்வரில் இருக்கும். நமக்கு வேண்டியது இதுதான். நிர்வாகிகள் வரியை ஒவ்வொரு கோப்புறைக்கும் எழுதச் சொன்னதும் இதனால்தான்: அந்த வரி விடுபட்டால் ரிப்போர்ட்டைப் பதிவேற்றும் உங்கள் ஆட்களே வெளியே நிற்பார்கள்.

ஸ்கிரிப்ட்டின் உடல் இப்படி அமையும். இம்போர்ட்-சிஎஸ்வி கோப்பைப் படிக்கிறது. குரூப்-ஆப்ஜெக்ட் வரிகளைக் கோப்புறை வாரியாகச் சேர்க்கிறது. பாதையின் நீளத்தை வைத்து இறங்குவரிசையில் அடுக்குங்கள். மேல்நிலைக் கோப்புறையின் பாதை ஒற்றைச் சாய்வுக்கோடு என்பதால் அது தானாகவே கடைசிக்குப் போய்விடும். பின்னர் ஒவ்வொரு கோப்புறைக்கும் அதன் வரிகளைப் பாலிசி வகைப் பொருள்களாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு பாலிசிக்குள்ளும் குழுவின் பெயரும், ரோல் வகைப் பொருள்களின் ஒரு வரிசையும் இருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு: இந்த வகைகளின் நேம்ஸ்பேஸை (வகையின் பெயருக்கு முன் வரும் பகுதி) பவர்ஷெல் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதைக் கையால் எழுதாமல், ப்ராக்ஸியின் கெட்டைப் முறையை அழைத்து அதன் நேம்ஸ்பேஸ் பண்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் "வகை பொருந்தவில்லை" என்ற பிழை வந்து நிற்கும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும் பிழை அது. கடைசியாகப் பாதையையும் பாலிசி வரிசையையும் செட்பாலிசீஸுக்குக் கொடுங்கள். என்ன செய்தது என்று ஒரு பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதட்டும்.

"ஓட்டாமல் காட்டு" என்ற சுவிட்சை முதல் நாளே எழுதிவிடுங்கள். பவர்ஷெல்லில் அதற்கு வாட்இஃப் என்ற வழக்கம் இருக்கிறது. எந்தக் கோப்புறையில் எந்தக் குழு புதிதாக வருகிறது, எது போகிறது என்பதை மட்டும் காட்டி நிற்கட்டும்.

தரவுத்தளத்தில் பாலிசி அட்டவணைகள் கண்ணுக்குத் தெரிகின்றனவே, ஒரு அப்டேட் போட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. அனுமதியின் செயல்படும் வடிவம் வேறோர் அட்டவணையில் பாதுகாப்பு விவரணையாகச் சேமிக்கப்படுகிறது. நீங்கள் மாற்றிய வரி கண்ணுக்குத் தெரியும். சர்வர் அதைப் பொருட்படுத்தாது. மைக்ரோசாஃப்ட்டும் இதை ஆதரிப்பதில்லை.

படி 5: ஒரே ரிப்போர்ட், மூன்று யார்டு

கோப்புறை அனுமதி ரிப்போர்ட்டின் வாசலோடு நின்றுவிடும். மணலி சூப்பர்வைசருக்கும் மாதவரம் சூப்பர்வைசருக்கும் ஒரே யார்டு இருப்பு ரிப்போர்ட்தான். அவரவர் யார்டு மட்டும் தெரிய வேண்டும். மூன்று நகல் செய்து மூன்று கோப்புறையில் போடுவதே பலர் செய்வது. ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டி வரும்போது மூன்றையும் திருத்துவார்கள். ஒருநாள் ஒன்றை மறந்துவிடுவார்கள்.

மாறாக, தரவுத்தளத்தில் பயனர் பெயர், யார்டுக் குறியீடு என்ற இரண்டு நெடுவரிசைகளோடு ஓர் அட்டவணை உருவாக்குங்கள். ரிப்போர்ட்டின் தரவுத்தொகுப்பு வினவலில் இந்த அட்டவணையையும் இணைத்து, பயனர் பெயர் ஒரு வினவல் அளவுருவுக்குச் சமம் என்று எழுதுங்கள். அந்த அளவுருவின் மதிப்பாக ரிப்போர்ட்டின் உள்ளமைந்த யூசர்ஐடி புலத்தைக் கொடுங்கள். டொமைன், பின்சாய்வுக்கோடு, பயனர் பெயர் என்ற வடிவில் அது வரும். அட்டவணையிலும் அப்படியே எழுத வேண்டும்.

யூசர்ஐடியை ரிப்போர்ட் அளவுரு வழியாகச் சுற்றிக் கொண்டுவராதீர்கள். ரிப்போர்ட் அளவுருவை "மறைக்கப்பட்டது" என்று வைத்தாலும், முகவரியின் வாலில் வேறு மதிப்பைச் சேர்த்து அதை மாற்ற முடியும். அக்கவுன்டன்ட் பெயரைப் போட்டுக் கேட் கிளார்க் ரிப்போர்ட்டைத் திறக்க அது ஒன்றே போதும். "உள்ளகம்" என்ற நிலையில் வைத்தால் முகவரி வழியாக மாற்ற முடியாது. ஆனாலும் தரவுத்தொகுப்பில் நேரடியாகக் கட்டுவதே ஐயமற்றது.

பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ரிப்போர்ட் காலியாக வர வேண்டும். "வரிகள் இல்லை" என்ற செய்திப் பண்பில், "உங்கள் பெயர் எந்த யார்டிலும் பதிவாகவில்லை, கணினிப் பிரிவைக் கேளுங்கள்" என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் யார்டில் பெட்டியே இல்லை என்று யாராவது நம்பிவிடுவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. பயனரைச் சார்ந்த தரவு உள்ள ரிப்போர்ட்டைச் சர்வர் கேஷில் (மறுபடி காட்டுவதற்கான தற்காலிகச் சேமிப்பு) வைக்க முடியாது; ஒவ்வொரு முறையும் வினவல் ஓடும். காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லாரும் ஒன்றாகத் திறப்பார்கள் என்றால், பயனர் பெயருக்கும் யார்டுக் குறியீட்டுக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வர் 2016-லிருந்து தரவுத்தளத்திலேயே வரிநிலைப் பாதுகாப்பு (யாருக்கு எந்த வரி தெரியலாம் என்ற கட்டுப்பாடு) உண்டு. ஆனால் ரிப்போர்ட்டின் தரவுமூலத்தில் சேமித்த கணக்கு ஒன்று இருந்தால், தரவுத்தளத்தின் கண்ணுக்கு எல்லாரும் அந்த ஒரே கணக்குதான். பயனர் பெயரைத் தனியே கடத்தாமல் அது உதவாது.

படி 6: சோதனை

உங்கள் சொந்தக் கணக்கில் திறந்து பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். நிர்வாகிக்கு எல்லாமே திறக்கும். குழுவுக்கு ஒன்று என்ற கணக்கில் சோதனைப் பயனர்களை உருவாக்கி, வேறு பயனராக பிரவுசரைத் திறந்து, திறக்க வேண்டியதும் திறக்கக் கூடாததும் இரண்டையும் முயன்று பாருங்கள். கோப்புறை தெரியவில்லை என்பதோடு நிற்காமல், ரிப்போர்ட்டின் நேரடி முகவரியையும் ஒட்டிப் பாருங்கள். ஆர்எஸ்ஆக்சஸ்டினைட் என்ற பிழை வந்தால் பூட்டு வேலை செய்கிறது.

ஒரு ரிப்போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புகளைத் தனியே சோதியுங்கள். யார்டு ரிப்போர்ட்டில் வாடிக்கையாளர் பெயரைத் தொட்டால் கணக்குக் கோப்புறையின் ரிப்போர்ட் திறக்கும்படி யாரோ எப்போதோ கட்டியிருப்பார்கள். இப்போது சூப்பர்வைசருக்குப் பிழைத் திரை வரும். அது சரியான நடத்தையே. இருந்தாலும் அந்த இணைப்பை எடுத்துவிடுவது மரியாதை.

படி 7: தொடர்ந்து கண்காணித்தல்

டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சர்வீஸ் கணக்கின் கீழ் தினமும் இரவில் ஸ்கிரிப்ட்டை "ஓட்டாமல் காட்டு" முறையில் ஓட்டுங்கள். கோப்புக்கும் சர்வருக்கும் வேறுபாடு இருந்தால் மின்னஞ்சல் வரட்டும். அந்த வேறுபாடுகளில் அடிக்கடி வரப்போவது ஒன்றே: யாரோ புதிதாக ஒரு கோப்புறை உருவாக்கியிருப்பார்கள், அது மேல்நிலைக் கோப்புறையின் அனுமதியைப் பெற்று எல்லாருக்கும் திறந்திருக்கும். ஆகவே சோதனை சிஎஸ்வியில் உள்ள கோப்புறைகளோடு நிற்கக் கூடாது. கெட்-ஆர்எஸ்ஃபோல்டர்கன்டென்ட் மூலம் சர்வரில் உள்ள எல்லாக் கோப்புறைகளையும் எடுத்து, சிஎஸ்வியில் இல்லாதவற்றையும் காட்ட வேண்டும்.

எக்செல், பிடிஎஃப் ஏற்றுமதியை ஒரு பயனருக்கு மட்டும் ரோல் மூலம் தடுக்க முடியாது. சர்வரின் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வடிவத்தையே ஏற்றுமதிப் பட்டியலிலிருந்து மறைக்கலாம். அது எல்லாருக்கும் பொருந்தும். கைபேசியால் திரையைப் படம் எடுப்பவரை எந்த ஸ்கிரிப்ட்டும் தடுக்காது.

கடைசியாகச் சந்தாக்கள். அனுமதியை எவ்வளவு இறுக்கினாலும், மின்னஞ்சலில் இணைப்பாகப் போகும் ரிப்போர்ட்டைப் பெறுபவருக்குச் சர்வரில் அனுமதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கெட்-ஆர்எஸ்சப்ஸ்கிரிப்ஷன் கட்டளையால் எல்லாச் சந்தாக்களையும் எடுத்து, பெறுநர் முகவரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் தனிப்பட்ட முகவரி, முகவராக இருந்து இப்போது இல்லாத ஷிப்பிங் ஏஜென்ட் என்று ஏதாவது நிச்சயம் கிடைக்கும். பகிரப்பட்ட கோப்புறையில் கோப்பாக விழும் சந்தாக்களையும் பாருங்கள். அந்தக் கோப்புறைக்கு ரிப்போர்ட் சர்வரின் ரோல் எதுவும் பொருந்தாது. அதன் விண்டோஸ் அனுமதியை அதே ஆக்டிவ் டைரக்டரி குழுக்களைக் கொண்டு தனியே அமைக்க வேண்டும்.